வாத்தியார் பெஞ்சில் உட்காரும்போது



அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். அமெரிக்கப் படிப்பு என்றதும் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி நீளும் விசா வரிசை, வங்கிக் கடன், ஜாமீன் கையெழுத்து, ஜிஆர்இ மதிப்பெண். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு முடியும்போதே வீட்டில் இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு சீனாவையும் முந்திவிட்டோம். அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது ஒரு சிறிய கூட்டத்தைப் பற்றி. ஒரு தொழிலில் காலூன்றி, தனக்கென்று ஒரு பெயரும் மரியாதையும் சம்பாதித்து, அதற்குப் பிறகு முப்பது வயதிலும் முப்பத்தைந்து வயதிலும் கடல் கடந்து போய், மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாங்கி வந்த பட்டம் பெரிது என்று உலகம் சொல்லும். போன புதிதில், தெரிந்தவர் என்ற நிலையை இழந்து, தெரியாதவராக உட்கார்ந்திருந்த அந்தத் தொடக்கக் காலம்தான் பட்டத்தைவிடப் பெரிய படிப்பு என்று நான் சொல்கிறேன். அந்தக் காலத்தில்தான் சொந்த மண் அவர்களுக்குப் பாடமாகத் தெரிந்தது. அமெரிக்காவைக் கற்கப் போனவர்கள் இந்தியாவின் வறுமையையும் தமிழின் வட்டார வழக்கையும் குறுந்தொகையையும் கற்றார்கள். இது தற்செயலா? அல்லது ஆசிரியர் மாணவராக மாறும் அந்த மாற்றத்திலேயே இதற்குக் காரணம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஜே.சி. குமரப்பாவை எடுத்துக்கொள்வோம்; போகும்போது கணக்காளர், திரும்பி வந்து ஆசிரியரானவர். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அன்றைக்கு அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றார், பம்பாயில் தணிக்கைத் தொழிலில் வெற்றி கண்டார். 1927-ல் அமெரிக்கா போனபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றார். கவனியுங்கள், இளநிலைப் பட்டம்! கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மனிதர், கல்லூரிப் பையன்களோடு உட்கார்ந்து பெற்ற பட்டம். அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் செலிக்மன். 1913-ல் அதே பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கருக்கும் ஆசிரியராக இருந்தவர் அவர்தான்.

அந்த நாளில் குமரப்பா ஒரு தேவாலயத்தில் பேசினார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பேச்சின் பொருள். அந்தப் பேச்சைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. செய்தியைப் படித்த செலிக்மன், இதையே உன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். நம் ஆசிரியர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு மாணவன் வகுப்புக்கு வெளியே என்ன பேசுகிறான் என்பதைப் பேராசிரியர் கவனிக்கிறார். கவனித்து, அவன் படிப்பின் திசையையே மாற்றுகிறார். நம் ஊரில் அன்று இது நடந்திருக்குமா? 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. பாடம் சொல்பவர் ஒருவர், வினாத்தாள் எழுதுபவர் இன்னொருவர், திருத்துபவர் மூன்றாமவர். மாணவன் யார் என்றே தெரியாமல் பதிவெண்ணுக்கு மதிப்பெண் போடும் முறை அது. அதில் ஒரு நியாயமும் உண்டு, மறுக்கவில்லை. சாதி தெரியாது, முகம் தெரியாது, தாள் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த முறையில், ஒரு தேவாலயத்தில் மாணவன் எழுப்பிய கேள்வி ஆய்வுப் பட்டத்தின் கேள்வியாக மாற வழியே இல்லை. அமெரிக்க வகுப்பில் பாடத்திட்டத்தை எழுதுபவரும் பாடம் சொல்பவரும் வினா கேட்பவரும் திருத்துபவரும் ஒருவரே. அதனால் அவர் மாணவனைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அங்கே போன நம்மவர்களுக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சியும் முதல் பரிசும் இதுதான். யாரோ என்னைக் கேட்கிறார்கள். என் ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

1929-ல் திரும்பினார். மேல்நாட்டு உடை போயிற்று, கதர் வந்தது. கொர்னேலியஸ் போயிற்று, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. காந்தியடிகள் அவருடைய ஆய்வை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார்; குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அவரிடம் ஒப்படைத்து, கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகாவை ஆராயச் சொன்னார். கணக்காளர் அங்கே ஆசிரியரானார். 50-க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய் நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை என்று அவருடைய மாணவர்கள் கேட்டு எழுதினார்கள். கம்பெனியின் வரவு செலவைப் பார்த்துப் பழகிய கண், ஒரு விவசாயக் குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்தது. சிராக்யூஸிலும் கொலம்பியாவிலும் மறுபடி மாணவராக உட்காராமல், அந்தக் கண் அப்படித் திரும்பியிருக்குமா? எனக்கு ஐயம்தான்.

இரண்டாவது மனிதர் நமக்கு இன்னும் நெருக்கமானவர். வ.அய். சுப்பிரமணியம். நாகர்கோவில் வடசேரியில் 1926-ல் பிறந்தவர், கல்லூரியில் தமிழ் ஆசிரியர். ராக்பெல்லர் உதவித்தொகையில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போய், 1957-ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில், 1981-ல் தஞ்சையில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். தமிழ் ஆசிரியர் அமெரிக்காவில் போய் என்ன படித்தார்? தமிழ்தான்! தமிழின் ஒரு வட்டார வழக்கை விவரிக்கும் ஆய்வு அவருடையது. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். தமிழைப் படிக்கத் தமிழன் இந்தியானாவுக்குப் போக வேண்டுமா என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியரின் கையில் சிவப்பு மை இருக்கிறது. பிழை கண்டால் அடிப்பது அவர் தொழில், தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அன்றைய அமெரிக்க மொழியியல் அவரிடம் வேறொன்றைக் கேட்டது. பேனாவைக் கீழே வை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுகிறார், அவர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லாதே, எப்படிப் பேசுகிறார் என்று கேட்டு எழுது. ஒலியை எழுது, சொல்லை எழுது, ஒழுங்கைக் கண்டுபிடி. இந்த ஒரு பயிற்சியின் வீச்சு எவ்வளவு என்பதை நம் தெருவிலிருந்தே காட்டுகிறேன். ஆவடி பஸ் நிலையத்தில் ஒரு பையன் போனில் சொல்கிறான்: "வந்துகினு கீறேன்." வகுப்பில் எழுதினால் சிவப்பு மை. ஆனால் உற்றுக் கேளுங்கள். 'வந்துகொண்டு' என்பதன் 'கொண்டு'தான் அங்கே 'கினு'. 'இருக்கிறேன்' என்பதுதான் 'கீறேன்'. 'போய்க்கினு', 'தின்னுகினு', 'பேசிக்கினு' என்று எந்த வினையோடும் அதே இடத்தில், அதே வேலைக்கு அது வந்து நிற்கிறது. தொடர்ந்து நடக்கும் வினையைக் காட்டும் உருபு அது. ஒரு நாளும் இடம் தவறுவதில்லை. அந்தப் பையன் இலக்கணம் இல்லாமல் பேசவில்லை; நாம் எழுதி வைக்காத இலக்கணத்தில் பேசுகிறான். இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர், எழுத்துத் தமிழைக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட மாட்டார். இன்னும் நன்றாகக் கற்றுக்கொடுப்பார். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவார்.

இந்தப் பாடத்தை இங்கேயே இருந்து பெற முடியாதா என்றால், முடியும். தொல்காப்பியரே வழக்கையும் செய்யுளையும் சேர்த்துத்தான் ஆராய்ந்தார். ஆனால் ஊரில் தமிழாசிரியருக்கு ஒரு மேடை இருக்கிறது, ஐயா என்று அழைக்கும் கூட்டம் இருக்கிறது. மேடையில் நிற்பவரின் காது மெல்ல மெல்ல அடைத்துப் போகிறது. இந்தியானாவில் அவருக்கு மேடை இல்லை. தமிழ் தெரியாத சக மாணவர்களுக்கு நடுவே அவர் தம் தாய்மொழியை முதன்முறையாகக் கேட்பது போலக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மேடை இல்லாத நிலைக்குத்தான் நான் இவ்வளவு விலை வைக்கிறேன்.

மூன்றாவது மனிதருக்கு வருகிறேன். அதற்கு முன் அவரை அனுப்பிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் உபரிச் சாமான்கள் உலகெங்கும் குவிந்து கிடந்தன. அவற்றை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946-ல் நிறைவேறியது. இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1950 பிப்ரவரி 2. ராணுவக் கிடங்கு என்றால் என்ன என்று ஆவடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர்ச் சாமான் விற்ற காசில் வாத்தியார்கள் படிக்கப் போனார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அந்த உதவித்தொகையில் 1959-ல் போனவர் அ.க. ராமானுஜன். 1929-ல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்குள் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம், கணிதப் பேராசிரியரான அப்பாவின் அறையில் ஆங்கிலம். கொல்லம், மதுரை தியாகராசர் கல்லூரி, பெல்காம், பரோடா என்று பல ஊர்களில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். முப்பது வயதில், சுப்பிரமணியம் படித்த அதே இந்தியானாவில் மொழியியல் மாணவர். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணப் புத்தகம் கிடைக்குமா என்று தேடித்தான் போனார். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை. மதுரையில் வேலை பார்த்தவர். சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். குறுந்தொகை அவருக்குச் சிகாகோவின் நிலவறையில் கிடைத்தது. 1967-ல் அவருடைய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் மூலம் ஆங்கிலம் படிக்கும் உலகம் குறிஞ்சியையும் முல்லையையும் அறிந்தது. சொந்த மரபு பிறப்போடு தானாக வந்துவிடாது, உழைத்துத்தான் அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அந்தச் சனிக்கிழமையை நன்றாகப் பாருங்கள். மூன்று செய்திகள் அதில் ஒன்றாக வந்து சேருகின்றன. நூலக அடுக்குக்குள் வாசகரே இறங்கிப் போகலாம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலில் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் தேடியது தொடக்கநிலைப் புத்தகம். ஆசிரியராக நிமிர்ந்து நின்ற மனிதர் அரிச்சுவடி தேடிக் குனிந்தார். அன்று அவருக்குப் பொழுது இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் புத்தகம் அங்கேயே தூசி படிந்து கிடந்திருக்கும். நூலகம் என்றதும் நம் சீர்காழி ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குமரப்பா பிறந்த அதே 1892-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி லண்டனுக்கு மாணவராகப் போனார். அங்கே ஒரு கடையில் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமானிலிருந்து நூல்களை வகைப்படுத்தும் புது முறைக்கு வழி கண்டார். நம் ஊர்க் கிளை நூலகங்கள் நிற்பது அவர் உழைப்பில் பிறந்த 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் மேல்தான். நீங்கள் சொத்து வரியோடு கட்டும் நூலக வரி அந்தச் சட்டம் தந்தது. அவரும் பெஞ்சில் உட்கார்ந்த வாத்தியார்தான்!

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். இவர்கள் மேதைகள், மேதைகளை வைத்துச் சாதாரண ஆசிரியருக்குச் சட்டம் வகுக்கலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். மேதைமை பயணத்தால் வருவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சுட்டுவது மேதைமையை அல்ல. அது எந்தத் திசையில் திரும்பியது என்பதைச் சுட்டுகிறேன். மூவரும் புறப்பட்டது வேறு வேறு துறையிலிருந்து. மூவரும் வந்து நின்றது சொந்த மண்ணின் மேல். திறமை குறைந்தவருக்கும் அந்தத் திருப்பம் நேரலாம், அளவுதான் சிறிதாக இருக்கும்.

ராமானுஜன் திரும்பி வரவில்லையே, 1993-ல் இறக்கும்வரை சிகாகோவில்தானே இருந்தார், அது நமக்கு நட்டம் இல்லையா? நட்டம்தான். ஒரு தமிழ்நாட்டு வகுப்பறை அவரை இழந்தது. அதை இல்லை என்று நான் மழுப்ப மாட்டேன். குமரப்பாவும் சுப்பிரமணியமும் திரும்பினார்கள், திரும்பியதால் ஒரு தாலுகா ஆய்வும் ஒரு பல்கலைக்கழகமும் கிடைத்தன. திரும்புவதற்கு ஒரு வேலையும் மரியாதையும் இங்கே காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை என்றால் குற்றம் போனவருடையது மட்டும் ஆகாது.

மூன்றாவது எதிர்ப்புதான் கனமானது. அது பணம். அம்பேத்கரை பரோடா மன்னரின் உதவித்தொகை அனுப்பியது. சுப்பிரமணியத்தை ராக்பெல்லர், ராமானுஜனை ஃபுல்பிரைட். இன்று நம் பிள்ளைகளை அனுப்புவது வங்கிக் கடன். கடனோடு போகிறவருக்குத் தெரியாதவராக உட்காரும் சுதந்திரம் கிடையாது. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. எந்தப் பாடம் வேலை தரும் என்றுதான் அவர் பார்க்க முடியும். சனிக்கிழமை நிலவறைக்கு இறங்கிப் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லி அவரிடம் கேட்பது கொடுமை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆசிரியர்களை அனுப்பும்போதாவது உதவித்தொகையில் அனுப்ப வேண்டும், வாரக் கணக்கில் அனுப்பாமல் மாதக் கணக்கில் அனுப்ப வேண்டும் என்று சொல்வேன். தமிழக அரசு பள்ளி ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனதை வரவேற்கிறேன். 2024-ல் 'கனவு ஆசிரியர்' என்று தேர்வு செய்யப்பட்டவர்கள் பிரான்ஸ் போய் வந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் சுற்றுலாவில் யாரும் தேர்வில் தோற்பதில்லை. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து, இது போதாது என்று திருப்பி வாங்குவதில்லை. அந்தத் தோல்விக்குப் பொழுது வேண்டும்.

வீட்டையும் குழந்தைகளையும் விட்டு ஒரு ஆசிரியை எப்படிப் போவார் என்று இங்கே அமர்ந்திருக்கும் பலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நம் தொடக்கப் பள்ளிகளைத் தாங்குவது பெண்கள். அவர்களால் போக முடியாத திட்டம் பாதித் திட்டம்தான். அதனால்தான் கடைசியாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பெஞ்சில் உட்கார அமெரிக்கா ஒரு வழி. அது ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுடைய குழந்தைகள் நம் அரசுப் பள்ளியின் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒரு பையனுக்கு டீச்சர் சொல்வதில் ஒரு சொல்லும் புரியாது. பக்கத்துப் பையன் சிலேட்டை எடுத்தால் தானும் எடுப்பான், எல்லோரும் சிரித்தால் தானும் சிரிப்பான். மந்தம் என்று அவன் பெயருக்கு எதிரே எழுதுவது எவ்வளவு சுலபம்! அவன் மந்தமில்லை. அவன் இருப்பது சிராக்யூஸில். வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இதை அறிவால் தெரிந்துகொள்வது வேறு, உடம்பால் தெரிந்துகொள்வது வேறு. ஒருமுறையாவது புரியாத மொழி வகுப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பக்கம் புரட்டிய ஆசிரியருக்குத்தான் அந்தக் குழந்தையின் சிரிப்பு என்ன என்று தெரியும்.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. வரும் கோடை விடுமுறையில், தெரியாத ஒன்றில் முதல் பாடத்தில் போய் உட்காருங்கள். ஒடியா எழுத்தைக் கற்கலாம். கற்றுக்கொடுக்க உங்கள் மாணவனின் தாய் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியில் ஆறு புள்ளிகளைத் தடவி ஒரு எழுத்தை அறிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பதினேழு வயதுப் பையன் அரத்தைப் பிடித்து இரும்புத் துண்டைத் தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து, விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பான். அந்த அரத்தை வாங்கி நீங்கள் தேய்த்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும். இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும் சார் என்று அவன் சொல்வான். அவன் சொல்கிற இடத்தில் தேயுங்கள்.